அழித்துவிட்ட ஐம்பத்திரண்டு

போன மாதம் உங்கள் மெழுகு ஆய்வகத்தைப் பார்க்க வரச் சொல்லி அழைத்திருந்தீர்கள். ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்து ஒரு கிழவியை நினைவு வைத்து, கார் அனுப்பிக் கூப்பிட்டதற்கு நன்றி. மெழுகின் ஒரு துணுக்கை உள்ளே வைத்து மூடினால், அது எந்தச் சூட்டில் இளகுகிறது, எந்தச் சூட்டில் உருகுகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டுகிறது உங்கள் இயந்திரம். எங்கள் காலத்தில் இது இருந்திருந்தால் என் மூக்குக் கண்ணாடி இவ்வளவு தடித்திருக்காது.

அந்தக் கோட்டில் பெரிய மேடு ஒன்று இருந்தது. அதற்கு முன்னால் சின்னதாக இன்னொரு மேடு. அது என்ன என்று கேட்டேன். "அது ஒண்ணும் இல்ல மேடம், அவசரமா குளிர வெச்சா அப்படி வரும். ரிப்போர்ட்ல பெரிய மேட்டை மட்டும்தான் போடுவோம்" என்றார் உங்களில் ஒருவர். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சபையில் ஒருவரைத் திருத்துவது எனக்குப் பிடிக்காது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சின்ன மேடு என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சொன்னவர் யார் என்று தேடாதீர்கள். அவர் வயதில் நானும் அதையேதான் செய்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. கே.ஜி.எப். தங்கச் சுரங்க ஊரில், ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மெழுகுப் பட்டறை. கோயில் கற்பூரமும் சர்ச்சுக்கு மெழுகுவத்தியும் விற்றுக்கொண்டிருந்த ஒரு வியாபாரக் குடும்பத்துடையது. நான் பெங்களூரில் விடுதியில் தங்கி கெமிஸ்ட்ரி படித்துவிட்டு ஊருக்குத் திரும்பிய சுரங்கத் தொழிலாளி மகள். சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். பட்டறை முதலாளி என்னைக் 'கெமிஸ்ட்ரி அம்மா' என்று கேலியாகக் கூப்பிடுவார். வேலைக்கு வைத்ததும் அவர்தான், 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இவ்ளோ கண்ணாடிக் குழாய்' என்று முணுமுணுத்ததும் அவர்தான்.

மெழுகுவத்தி தவிர எங்களுக்கு ஒரு முக்கியமான வேலை இருந்தது. சுரங்கத்தில் பாறையில் துளை போட்டு வெடி வைப்பார்கள். வெடியைக் கிளப்பும் கேப்பும் திரியும் சேரும் இடத்தில் தண்ணீர் போனால் வெடி வெடிக்காது. அதனால் அந்த இணைப்பில் மெழுகு பூசி அடைப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த மெழுகு வரத்து நின்றுபோனபோது, உள்ளூர் எண்ணெயில் அதற்கு மாற்று செய்து தர முடியுமா என்று சுரங்க அலுவலகத்தில் கேட்டார்கள். முதலாளி யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

கடலை எண்ணெயை எடுத்துக்கொண்டோம். நீங்கள் படித்ததுதான், ஆனால் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட விதத்தில் சொல்கிறேன். எண்ணெயின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் மூன்று நீண்ட வால். அந்த வால்களில் நிறைய வளைந்தவை. கோணல் விறகை மண்டியில் அடுக்கிப் பாருங்கள், ஒன்றோடொன்று ஒட்டாது, சந்து விழும். அதனால்தான் எண்ணெய் எண்ணெயாகவே ஓடுகிறது. ஹைட்ரஜனைச் செலுத்தினால் வளைவு நிமிரும். நேர் விறகு நெருக்கமாக அடுக்கி உட்காரும். அடுக்கைக் கலைக்க அதிகச் சூடு வேண்டும். கெட்டியாக்கிய கடலை எண்ணெயை வனஸ்பதி ஆலையிலிருந்து பீப்பாயில் வாங்கி, உருக்கி, வடிகட்டி, கட்டியாக வார்த்தோம்.

முதல் சோதனைக் கட்டிகளை ஒரு மரப்பெட்டியில் மரத்தூளுக்குள் புதைத்துவிட்டுப் பொங்கல் விடுமுறைக்குப் போனேன். நான்கு நாள் கழித்து எடுத்தால் மங்கலாக, சுண்ணாம்புப் பூச்சு மாதிரி வெளுத்து, மேலே ஒரு விரிசலோடு இருந்தன. முதலாளிக்குப் பிடிக்கவில்லை. "இன்னாம்மா இது, சீக்கு வந்த மாதிரி கீது?" என்றார். ஆனால் அறுபத்தாறு டிகிரி வரை அசையவில்லை. சுரங்க அலுவலகத்தில் எங்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார்கள்.

ஆர்டர் வந்ததும் அவசரம் வந்தது. மரத்தூளில் நான்கு நாள் ஆறவைக்க யாருக்கும் பொறுமை இல்லை. தகரத் தட்டில் ஊற்றி, தட்டைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்க விட்டோம். தை மாதத்து கே.ஜி.எப். குளிரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அரை மணியில் கட்டி தயார். அதுவும் எப்படிப்பட்ட கட்டி! பளபளவென்று, விரிசலே இல்லாமல். வேலை செய்த பெண்கள் அதில் முகம் பார்த்துச் சிரித்தார்கள். முதலாளி ஒன்றைக் கையில் எடுத்து, "இதான்யா சரக்கு" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சோதனைக்கு உட்கார்ந்தேன். மெல்லிய கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் மெழுகை அடைத்து, தெர்மாமீட்டரோடு சேர்த்துக் கட்டி, தண்ணீரில் வைத்து மெதுவாகச் சூடேற்றினேன். ஐம்பத்திரண்டில் மெழுகு கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது. அந்த எண்ணைக் குறித்தேன். அடுத்த நிமிடம் அது மறுபடியும் வெளுத்து உறைந்தது. சூடு ஏறிக்கொண்டிருக்கும்போதே உறைந்தது. பிறகு அறுபத்தாறில் மீண்டும் தெளிந்தது. சூடு ஏற ஏற உறையும் பொருளை நான் பார்த்ததில்லை. குழாயில் ஈரம் இருந்திருக்கும், அல்லது என் கை அவசரப்பட்டிருக்கும் என்று நினைத்தேன். அறுபத்தாறு எனக்குத் தெரிந்த எண். பொங்கலுக்கு முன்னால் வார்த்த கட்டியும் அதைத்தான் சொன்னது. பென்சிலால் எழுதிய ஐம்பத்திரண்டை ரப்பரால் அழித்துவிட்டு, அறுபத்தாறு என்று மையில் எழுதினேன். இன்னொரு தடவை சோதித்துப் பார்த்திருக்கலாம். மாலை சினிமாவுக்குப் போவதாக அக்காவோடு பேச்சு.

இரண்டு வாரம் கழிந்தது. ஒரு நாள் மதியம் பன்னிரண்டரைக்கு மாமா பட்டறைக்கு வந்தார். அக்கா புருஷன், சாம்பியன் ரீப்ஸில் வெடி வைக்கிற பிளாஸ்டர். இரண்டாம் ஷிப்டுக்குப் போகிற வழியில் அக்கா எனக்குக் கொடுத்தனுப்புகிற சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போவது அவர் வழக்கம். அன்று தூக்கை வைத்த பிறகும் நின்றார்.

"இன்னா மாமா, மூஞ்சி ஒரு மாதிரி கீது?"

"நேத்து பதினெட்டு போட்டன். பதினாறுதான் கேட்டுச்சி."

இந்த வழக்கத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். திரிகளுக்கு நெருப்பு வைத்துவிட்டு விலகி வந்து உட்கார்ந்ததும் பிளாஸ்டர் வாயைத் திறக்க மாட்டார். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு விரலை மடக்குவார். கூட இருப்பவரும் தனியாக எண்ணுவார். கடைசியில் இருவரும் எண்ணைச் சொல்லிச் சரிபார்ப்பார்கள். போட்டதும் கேட்டதும் ஒத்துப்போனால்தான் அடுத்தவர்களுக்கு அங்கே வழி. ஒன்று குறைந்தாலும் பாறைக்குள் வெடிக்காத வெடி ஒன்று உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அது தெரியாமல் அடுத்த ஷிப்டுக்காரன் அங்கே டிரில்லை வைத்தால் அவன் வீட்டுக்கு வர மாட்டான். எங்கள் லைனில் அப்படி வராமல் போனவர்கள் உண்டு.

"எண்ணுனதுல தப்பு இருக்குமோ?" என்று கேட்டேன். இன்று வரை நான் வெட்கப்படுகிற கேள்வி அது.

மாமா கோபப்படவில்லை. "ரெண்டு பேரும் பதினாறுன்னுதான் சொன்னம். காலைல போயி ஜாக்கிரதையா பார்த்தாங்க. ரெண்டுத்துலயும் தண்ணி பூந்துகினு கீது. மெழுகு நழுவிட்டுருக்குது. மேல இருக்க சொல்லோ கல்லு மாதிரி கீது உங்க மெழுகு. கீழ அந்தச் சூட்டுல வெரல வெச்சா வெண்ணெ மாதிரி ஒட்டிகினு வருது." பிறகு, "ஒன்ன கொறை சொல்லல. சொல்லணும்னு தோணுச்சி, சொன்னன்" என்று கிளம்பிவிட்டார்.

பெண்களைச் சுரங்கத்துக்குள் விட மாட்டார்கள். என் மெழுகு வேலை செய்கிற இடத்தை நான் பார்த்ததே இல்லை. ஆழத்து லெவல்களில், அதாவது சுரங்கத்தின் அடித்தளங்களில், பாறைத் துளைக்குள் சூடு ஐம்பதைத் தொடும் என்று காதால் கேட்டதோடு சரி. ஐம்பது என்ற எண் மண்டையில் விழுந்ததும் ஐம்பத்திரண்டு நினைவுக்கு வந்தது. நோட்டைப் புரட்டினேன். அழித்த இடத்தில் காகிதம் லேசாகத் தேய்ந்திருந்தது.

அலமாரியில் பொங்கல் காலத்து மங்கல் கட்டி ஒன்று மிச்சம் இருந்தது. அதையும் புதுப் பளபளப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தேன். மங்கல் கட்டி ஒரே ஒரு முறை, அறுபத்தாறில் உருகியது. பளபளப்பு ஐம்பத்திரண்டில் உருகி, உறைந்து, மறுபடி அறுபத்தாறில் உருகியது. அப்போதுதான் புரிந்தது. இரண்டும் ஒரே மெழுகு, ஒரே வால்கள். ஒன்று நிதானமாக அடுக்கின விறகு, மற்றது வண்டியிலிருந்து கொட்டின விறகு. அவசரமாகக் குளிர்ந்ததில் வால்களுக்கு ஒழுங்காகச் சேர நேரமில்லை, அதனால் அந்தக் குவியல் சீக்கிரம் சரிகிறது. சரிந்த பிறகு கிடைத்த இடைவெளியில் ஒழுங்காகச் சேர்கிறது, அதனால்தான் சூட்டிலேயே உறைகிறது. என் கை எந்தத் தப்பும் செய்யவில்லை. தப்பு ரப்பரில் இருந்தது.

மணி ஒன்றே கால். முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பனியனோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"தப்பு எங்களுதுன்னு நீயே போயி சொன்னா நாளைக்கு ஆர்டர் கைய உட்டுப் போவும். இங்க பன்னெண்டு பொம்பளைங்க வேலை செய்றாங்க. அடுத்த லாட்டுல சரி பண்ணிக்கலாம், உடும்மா."

அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்ன பன்னிரண்டு பேரில் நானும் ஒருத்தி. என் சம்பளத்தில்தான் அக்காவின் மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போனான். ஒரு நிமிடம் நானும் 'அடுத்த லாட்' என்று யோசித்தேன், மறைக்க மாட்டேன். பிறகு வாய் தானாகச் சொன்னது: "ரெண்டு மணி ஷிப்டுக்கு எங்க மாமா எறங்குறாரு முதலாளி."

அவர் எழுந்து ஆணியில் இருந்த சட்டையை மாட்டிக்கொண்டார். "ஜட்காவ கூப்புடு" என்றார். வண்டியில் ஏறிய பிறகு, "பேசறது நீ பேசு. எனக்கு வாலும் தெரியாது, விறகும் தெரியாது" என்றார்.

இங்கே உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று இறங்கியது என் மாமாவாக இல்லாமல் முகம் தெரியாத யாரோ ஒருவராக இருந்திருந்தால் அந்த ஜட்காவில் ஏறியிருப்பேனா? ஏறியிருப்பேன் என்று சொல்லத்தான் ஆசை. எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு அறிக்கையிலும் கையெழுத்துப் போடும்போது மாமா இறங்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் போட்டேன். அந்தப் பழக்கம் மட்டும் எனக்கு மிஞ்சியது.

கேப்பும் திரியும் வழங்குகிற அறையின் அதிகாரி கன்னடக்காரர், தமிழை நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நாங்கள் போனபோது மணி இரண்டு ஐந்து. ஆட்களை இறக்கும் முதல் கூண்டு இறங்கிவிட்டது. அதில் மாமா போய்விட்டார், அவர் பெட்டியில் என் மெழுகு பூசின திரிகள். முதலாளி என் முழங்கையை இடித்தார்.

சொன்னேன். அதிகாரி டீ அடுப்பிலிருந்து ஒரு எனாமல் குவளையில் வெந்நீர் வாங்கி, பச்சைத் தண்ணீர் கலந்து, தெர்மாமீட்டர் ஐம்பத்திரண்டைக் காட்டும் வரை பார்த்தார். நான் நோட்டோடு கொண்டுபோயிருந்த இரண்டு கட்டியிலிருந்தும் ஒரு துண்டு வெட்டி உள்ளே போட்டார். மங்கல் துண்டு அப்படியே மிதந்தது. பளபளப்பு ஓரம் மழுங்கி, குழைந்து, குவளையின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

"ரெண்டும் ஒரே மெழுகா?"

"ஒரே பீப்பாய் சார்."

"ஹௌதா? அப்படியா?" என்றார். நம்பாதபோது அப்படித்தான் கேட்பார் போல. என் நோட்டை வாங்கிப் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். "இங்கே ஒரு நம்பர் இருந்தது."

"ஐம்பத்திரண்டு சார்."

"ஏன் அழிச்சீங்க?"

"என் தப்புன்னு நெனச்சேன் சார்."

"தப்புன்னா பக்கத்துல தப்புன்னு எழுதணும்" என்றார். குரல் உயரவில்லை. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டெலிபோனைச் சுழற்றினார்.

கீழே லெவலில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. ஷிப்டு ஆரம்பத்தில் எல்லாரும் வேலை இடத்துக்கு நடந்துபோகிற நேரம். முதலாளி தோளில் கிடந்த துண்டின் முனையைத் திருகிக்கொண்டிருந்தார். வெடி வைப்பது ஷிப்டு முடிவில்தான், நேரம் இருக்கிறது என்று தெரியும். இரண்டாவது தடவை சுழற்றினபோது யாரோ எடுத்தார்கள். அதிகாரி கன்னடத்தில் பேசினார். 'மெழுகு', 'திரி', 'நிறுத்து' என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. பிறகு நீண்ட நேரம் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் போனை வைத்து, "எல்லாத் திரியும் மேல வருது. இன்னைக்கு அந்த லெவல்ல வெடி இல்லை" என்றார்.

இதற்கு மாலை மரியாதை கிடைத்தது என்று எதிர்பார்க்காதீர்கள். வெடி இல்லை என்றால் உடைந்த கல் இல்லை, கல் இல்லை என்றால் அடுத்த ஷிப்டுக்கு அள்ள ஒன்றும் இல்லை, கூடுதல் கூலியும் இல்லை. குழாயடியில் அக்காவிடம், "ஒன் தங்கச்சி மெழுகாலதானே?" என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆர்டரை நிறுத்தி வைத்தார்கள். முதலாளி என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று நினைத்தேன். அவர் மரத்தூள் இரண்டு மூட்டை வாங்கி வந்து போட்டார்.

அதன் பிறகு கட்டிகளை வார்த்ததும் கணகணப்பான ஒரு அறையில் இரண்டு நாள் வைத்தோம். அந்த மெல்லிய சூட்டில் வால்கள் நிதானமாகத் திரும்பிச் சேர்ந்துகொள்ளும். கூடவே கெட்டியாக்கின ஆமணக்கெண்ணெய் மெழுகும் கொஞ்சம் கலந்தோம். ஆமணக்கு வாலில் ஒரு கொக்கி உண்டு, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த கொக்கி. அது பக்கத்து வாலைப் பிடித்துக்கொள்ளும், எண்பது தாண்டினால்தான் விடும். கட்டிகள் அழகாக இல்லை. வெளுத்து, அழுது வடிந்தாற்போல இருந்தன.

மேலே சோதித்தால் போதாது, கீழேயும் பார்க்க வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். நான் இறங்க முடியாது. அதிகாரியிடம் சீட்டு வாங்கிக்கொண்டு மாமா சாப்பாட்டுத் தூக்கில் மூன்று துண்டு எடுத்துப் போய், ஷிப்டு முழுக்கப் பாறை இடுக்கில் வைத்து எடுத்து வந்தார். மேலே வந்ததும் தங்கம் கடத்துகிறார்களா என்று சோதிக்கிற காவலாளி பிடித்துக்கொண்டார். மெழுகுக்குள் தங்கம் ஒளித்து வைப்பது அந்த ஊரில் அறியாத வித்தை இல்லை. சீட்டைக் காட்டியும் நம்பாமல் மூன்றையும் கத்தியால் சீவப் பார்த்திருக்கிறார். "கத்தியே எறங்க மாட்டேங்குதுய்யா, இன்னா எழவு இது?" என்று காவலாளி சலித்துக்கொண்டாராம். அதைவிட நல்ல அறிக்கை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆர்டரைத் திரும்பத் தந்தார்கள். புது மெழுகு போன மறுநாள் மதியம் மாமா வந்தார். தூக்கை மேசையில் வைத்தார்.

"பதினெட்டு போட்டம்" என்றார்.

நான் எழுந்து நின்றேன்.

"பதினெட்டு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா அதைப் பார்க்காதது மாதிரி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழித்த எண்ணைப் பற்றி வீட்டில் சொல்லியிருந்தேன்; இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததை இப்போது கேட்டார். "அந்த ரெண்டு நம்பரும் ஒன் கண்ணுலதானே பட்டுச்சி? எண்ணிக்கை ஒத்துப்போவலன்னா நாங்க அந்தப் பக்கம் ஒரு அடி வெக்க மாட்டம். நீ எப்படிம்மா தாண்டிப் போன?"

நான் தூக்கைத் திறந்தேன். காரணம் சினிமா என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

உங்கள் கோட்டில் வருகிற அந்தச் சின்ன மேடு தொந்தரவு இல்லை. அந்த மெழுகு எப்படிக் குளிர்ந்தது என்று அது சொல்கிறது. வாங்குகிறவர் அதை எங்கே வைப்பார், எவ்வளவு சூட்டில் வைப்பார் என்று உங்களுக்குத் தெரியாது. அதனால் இரண்டையும் எழுதுங்கள். காரணம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று பக்கத்தில் எழுதுங்கள், அதில் அவமானம் எதுவும் கிடையாது.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்த தடவை கார் அனுப்பினால் கொண்டு வருகிறேன். நடுவில் ஒரு பக்கத்தில் மையில் அறுபத்தாறு என்று இருக்கும். அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்க் கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். ஐம்பத்திரண்டு இன்னும் தெரியும்.